அப்பாவின் நுரையீரல் புற்று சிறுகுடலுக்கு வந்திருக்கிறது – வெட்டி எடுக்கச் சம்மதிக்கலாமா?

சாத்தூர்க்காரன்:

அப்பாவுக்கு 66 வயது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். பீடி, சிகரெட் கையால் தொட்டதில்லை. போன சித்திரையில் இருமல் நிற்கவில்லை என்று ஸ்கேன் எடுத்தபோது வலது நுரையீரலில் கட்டி. அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று, நாலாம் ஸ்டேஜ். கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால் கீமோ இல்லாமல் ஜெஃபிடினிப் மாத்திரை மட்டும், தினம் ஒன்று. பதினோரு மாதம் நன்றாகவே இருந்தார். முகத்தில் பரு மாதிரி வந்ததைத் தவிர தொந்தரவு இல்லை. சைக்கிளில் போய்ப் பால்கூட வாங்கி வந்தார்.

பங்குனியில் ஆள் வெளுத்துப் போனார். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மலம் கறுப்பாகப் போனது. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று எல்லாரும் சொன்னதால் மூன்று வாரம் விட்டுவிட்டோம். அம்மாதான், "இது மாத்திரைக் கறுப்பு இல்லடா, தார் மாதிரி ஒட்டுது, வாடையே வேற" என்றார். ஹீமோகுளோபின் 6.4. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி நார்மல், கொலனோஸ்கோபி நார்மல். அப்புறம் சிடியில்தான் சிறுகுடலில் 4 செ.மீ. கட்டி தெரிந்தது.

நுரையீரலிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், கசிகிறது, அடைத்துக்கொள்ளலாம், ஓட்டையும் விழலாம், அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துவிடலாம் என்கிறார் சர்ஜன். சித்தப்பா, "கத்தி பட்டா பரவிரும், வேண்டாம்" என்கிறார். நாலாம் ஸ்டேஜில் எதற்கு வெட்டிக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று எனக்குமே தோன்றுகிறது. வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அப்பாவிடம் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இனி இது குடல் புற்றுநோயா? இந்த நிலையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பசுமை_வாழ்வு:

முள்சீத்தா இலைக் கஷாயம் காலை வெறும் வயிற்றில் கொடுங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கட்டி கரைந்தே போனது. கத்தி வைக்காதீர்கள்.

கரூர்_பொன்னி:

தம்பி, முதலில் அந்தக் கஷாயத்தை ஓரமாக வையுங்கள். ரத்தம் கசிகிற குடலில் எதை ஊற்றினாலும் டாக்டருக்குத் தெரிந்து ஊற்றுங்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவர் சிகரெட் பிடித்தவர், மறைக்க ஒன்றுமில்லை. 2019இல் அவருக்கும் நுரையீரலில் இருந்து சிறுகுடலுக்குத்தான் வந்தது. ஆனால் எங்களுக்கு ஸ்கேனில் காட்டிக் கொடுக்க யாருமில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிசையும், விட்டுவிட்டு வரும். சில நாள் பச்சையாக வாந்தி. கேஸ் என்று ஒரு மாதம் மாத்திரை. கீமோ போய்க்கொண்டிருந்ததால் வாந்தியையும் அதன் கணக்கில் எழுதிவிட்டோம். ஒரு ராத்திரி வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. தொட விடவில்லை. குடலில் ஓட்டை. விடியற்காலை இரண்டு மணிக்கு ஆபரேஷன், ஒன்பது நாள் ஐசியூ. வயிற்றுக்குள் மலம் கசிந்து சீழ் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் நாலு மாதம்தான் இருந்தார், அதிலும் பாதி ஆஸ்பத்திரியில்.

கத்தி பட்டா பரவும் என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். உங்கள் அப்பாவுக்குக் கத்தி படாமலேயே பரவித்தானே சிறுகுடலுக்கு வந்திருக்கிறது? நாலாம் ஸ்டேஜ் ஆகிவிட்டதே என்று நானும் கேட்டிருக்கிறேன். இந்த ஆபரேஷன் நோயைக் குணமாக்க இல்லை தம்பி. ரத்தம் கசிவதை நிறுத்த, சோறு இறங்க, எனக்கு வந்த அந்த ராத்திரி உங்களுக்கு வராமல் இருக்க. பகலில், ரத்தம் ஏற்றி, ஆளைத் தேற்றிச் செய்வது வேறு. ராத்திரி ஓட்டை விழுந்தபின் ஓடுவது வேறு. உங்கள் அப்பா உடம்பு தாங்குமா என்பதை மட்டும் சர்ஜனிடமும் மயக்க டாக்டரிடமும் கேளுங்கள். தாங்கும் என்றால் நான் யோசிக்க மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு எழுதிய மனிதரிடம் வயிற்றுப்புண் என்று எத்தனை நாள் சொல்வீர்கள்? ஆபரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவது அவர்தானே.

நுண்ணோக்கி:

பத்தாலஜி லேபில் பதினெட்டு வருடமாக டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடல் புற்றுநோயா என்று கேட்டிருந்தீர்கள். ஈரோட்டு மஞ்சளைச் சென்னையில் விற்றாலும் அது ஈரோட்டு மஞ்சள்தான். நுரையீரல் செல் குடலில் போய் உட்கார்ந்தாலும் அது நுரையீரல் புற்றுதான், மருந்தும் அதற்கு உரியதுதான். ஆனால் வேறு புதுப் புற்றும் வந்திருக்கலாம் என்பதால் நிச்சயம் செய்யாமல் விட மாட்டார்கள். எடுத்த துண்டில் ஐஹெச்சி என்று ஒரு சாயப் பரிசோதனை உண்டு. நுரையீரல் அடினோ என்றால் பெரும்பாலும் டிடிஎஃப்-1, சிகே7 என்ற இரண்டு அடையாளப் புரதங்களும் பாசிட்டிவாக வரும். குடலிலேயே பிறந்தது என்றால் சிடிஎக்ஸ்2, சிகே20 பக்கம் சாயும்.

இரண்டு ஸ்கோப்பும் நார்மல் என்றால் எப்படி என்று குழம்பியிருப்பீர்கள். வாய்வழி எண்டோஸ்கோபி இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் ஆரம்பம் வரைதான் போகும். கீழிருந்து போவது பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசி முனையையும் பார்க்கும். நடுவில் சில மீட்டர் குடல் இரண்டுக்கும் எட்டாது. நுரையீரல் புற்று வழக்கமாகப் போகிற இடங்கள் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி. குடலில் தொந்தரவு கொடுக்கும் அளவுக்கு வருவது அபூர்வம், அதனால் யாருக்கும் சட்டென்று அந்தப் பக்கம் எண்ணம் போகாது.

முக்கியமானது: அந்தத் துண்டை மறுபடி ஈஜிஎஃப்ஆர் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஜெஃபிடினிப் கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி790எம் என்ற புது மாற்றம் இருக்கும். இருந்தால் ஓசிமெர்டினிப் என்ற வேறு மாத்திரை கேட்க வாய்ப்பு உண்டு. பாரஃபின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்த துண்டை, லேபில் கேட்டு வாங்கலாம். வெயிலில் வண்டி டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவந்து உருக்கிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புற்று இருக்கிற இடம் பளிச்சென்று தெரிகிற பெட் ஸ்கேன் எழுதினால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மாத்திரையால் குடல் சும்மாவே பளிச்சென்று தெரியும்.

சாத்தூர்க்காரன்:

உடனே பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

பொன்னி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்று ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். "வயித்துப்புண்ணுக்கு எதுக்குடா புற்றுநோய் டாக்டர் வர்றார்னு நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். சித்தப்பாவிடமும் அவரே பேசிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். 22 செ.மீ. குடலை எடுத்தார்கள். ஓட்டை விழவில்லை, ஆனால் கட்டி சுவரை முழுக்கத் தின்றிருந்தது என்றார் சர்ஜன். டிடிஎஃப்-1 பாசிட்டிவ். ஈஜிஎஃப்ஆர் டெஸ்டுக்குத் துண்டு போயிருக்கிறது, ரிசல்ட் வரவில்லை. ஓசிமெர்டினிப் விலையை விசாரித்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை, அதை வந்தபின் பார்க்கலாம்.

வாயு பிரிந்தால்தான் வாயில் ஏதாவது கொடுப்போம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலை அப்பாவின் டைரியைத் திறந்து பார்த்தேன். ஏற்றிய குளுக்கோஸ் எத்தனை பாட்டில், ட்யூபில் வந்தது எத்தனை மில்லி என்று எல்லாம் வரிசையாக எழுதி, கடைசி வரியில் "காலை 4.10 – வாயு பிரிந்தது" என்று போட்டு அடிக்கோடு இட்டிருந்தார்.