ஆய்வுக் கேள்வியைச் செம்மைப்படுத்த உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் முதுகலைச் சமூகவியல் பயிலும் நான், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் முந்திரித் தோப்புகளை இழந்த பண்ருட்டிப் பகுதி விவசாயிகளைப் பற்றி ஆய்வேடு எழுதவிருக்கிறேன். ‘புயல் விவசாயிகளை எவ்வாறு பாதித்தது?’ என்ற என் முதல் கேள்விக்கு ஒரு நூலே எழுதினாலும் விடை முடியாது என்று நெறியாளர் திருப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். புதிதாக நட்ட முந்திரி பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், ‘அந்த இடைக்காலத்தில் சிறு விவசாயக் குடும்பங்கள் எந்த வருமானத்தை நம்பின, அம்முடிவை வீட்டில் யார் எடுத்தார்கள்?’ என்று இப்போது சுருக்கியுள்ளேன். இது ஒரே கேள்வியா, இரண்டா? இத்தனை ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லும் பதில்களை எவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? கள ஆய்வில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.