தேன் போத்தலில் நுரை, சூடாக்காமல் என்ன செய்யலாம்?

வணக்கம். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் லயத்து மாமா ஆறு பெட்டியில் நம்ம ஊர்ச் சின்னத் தேனீ வளர்க்கிறார். அவருடைய தேனை டவுனில் நான்தான் விற்றுக் கொடுக்கிறேன்.

ஆகஸ்டில் எடுத்தது 14 போத்தல். மூன்றாம் கிழமையே மேலே நுரை, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று, லேசான புளிப்பு வாடை. 5 போத்தல் திரும்பி வந்துவிட்டது. சீனிப்பாகு கலந்தது என்கிறார்கள். பிழியும்போது நான் பக்கத்தில் நின்றேன், ஒரு சொட்டும் கலக்கவில்லை. அவசரத்தில் தேனீ இன்னும் மெழுகால் மூடாத, ஈரம் வற்றாத அடையையும் சேர்த்துவிட்டோம், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத்தானே செய்யும்.

மெல்லிய துணியில் வடித்தேன், காய்ந்த போத்தலுக்கு மாற்றினேன், வெயிலிலும் வைத்தேன். நுரை திரும்ப வந்தது. ஒரு போத்தலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினேன். நுரை நின்றது, பூ மணமும் போய்விட்டது. பச்சைத் தேன் என்று நம்பி, பிள்ளைகளின் இருமலுக்கு வாங்குகிறவர்களுக்கு அதைக் கொடுக்க மனமில்லை. (ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேனே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறேன்.)

இன்னும் நுரைக்காத 6 போத்தல் கையில் இருக்கிறது. சூடாக்காமல், வீட்டிலேயே அதன் ஈரத்தைக் குறைக்க நீங்கள் செய்து பார்த்த வழி ஏதும் உண்டா?