புதுப்பிப்பு: அந்த 'இரட்டை ஆண்டு' ஒரு ரூபாய்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஒரு ரூபாயின் படத்தைப் போட்டு, ஆண்டு இரட்டையாகத் தெரிகிறதே, டபுள்டு டை பிழையா (நாணயம் அடிக்கும் அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்த பிழை) என்று கேட்டிருந்தேன். விடை: இல்லை. ('ரேர் பீஸுண்ணா' என்று விற்றவர் சொன்னதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தேன், போகட்டும்.)

பத்து மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாவது எண்ணாகத் தெரிந்தது வெறும் தட்டையான படி. எண்ணின் ஓரம் நசுங்கி ஒதுங்கியதால் எண்ணே மெலிந்திருக்கிறது. அடிக்கும்போது அச்சு தளர்ந்து நகர்ந்தால் இப்படி வரும். ஏராளமாகக் கிடைப்பது, தனி மதிப்பு கிடையாது.

அசல் டபுள்டு டை பிழை, அச்சைத் தயாரிக்கும்போதே நேர்கிறது. மூல உருவை அச்சில் மறுபடி அழுத்தும்போது இடம் விலகினால், இரண்டு உருவமும் அச்சிலேயே பதிந்துவிடும். அப்போது எழுத்து மெலியாது, தடிக்கும். இரண்டாவது கோடும் உருண்டு மேடாக நிற்கும். முனைகளில் பிளவு தெரியும். அந்த அச்சில் அடித்த நாணயங்களில் எல்லாம் அதே இடத்தில், அதே திசையில் இருக்கும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது. லென்ஸே வேண்டாம், கண்ணுக்கே தெரியும்.

தேய்மானம் வேறு. அது மேட்டை மழுக்கும், புதுக்கோடு சேர்க்காது.

அப்புறம், கடலூர் நண்பர் காட்டிய இரண்டு ரூபாய் நாணயம்: எழுத்துக்குப் பக்கத்தில் பள்ளமும் தள்ளப்பட்ட உலோகமும் தெரிகிறது. பிழையல்ல, பிறகு அடிபட்டுச் சேதமான காசு என்றுதான் நினைக்கிறேன். தேய்த்துக் கழுவாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் போடுங்கள்.