தீயணைப்பு நிலையம் எங்கே அமைய வேண்டும்: நெல்லைக்காரர்களின் அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற நகரமைப்பு ஆய்வாளர்

நம் ஊரில் தீயணைப்பு நிலையம் எங்கே அமைவது என்பதை முடிவு செய்வது ஓர் அலுவலகம்; அந்த நிலையத்திலிருந்து புறப்படும் ஊர்தி எந்தத் தெருமுனை வரை போக முடியும் என்பதை முடிவு செய்வது வேறோர் அலுவலகம். நிலையம் மாநில அரசின் தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறைக்கு உரியது. தெருவின் அகலமும் கட்டட அனுமதியும் கடை உரிமமும் ஆக்கிரமிப்பு அகற்றுவதும் உள்ளாட்சியின் வேலை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியபோது தீயணைப்பையும் அதில் சேர்த்தது. மும்பையில் அப்படை இன்றும் மாநகராட்சியின் கீழ்தான் இயங்குகிறது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாநிலத் துறையாக இருப்பதால்தான் வெள்ளம் வந்தால் வெளிமாவட்டத்துப் படகும் ஆட்களும் தாமதமின்றி இங்கே வந்து இறங்குகிறார்கள். ஆனால் இரு தரப்பும் ஒரே வரைபடத்தை விரித்து வைத்துப் பேசியதை என் பணிக்காலத்தில் அரிதாகவே கண்டேன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள சிறு நகரொன்றில் நிலையத்துக்கு இடம் தேடும் பணியில் நான் இருந்தேன். மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் நெறிமுறைகள் கேட்பது பெரிது: இரண்டு லட்சம் மக்களுக்கு ஒரு நிலையம், அதுவும் 1 முதல் 3 கிலோமீட்டர் தொலைவுக்குள், குடியிருப்புகளோடு சேர்த்து ஒரு ஹெக்டேர் நிலம், இயன்றவரை முக்கியச் சாலையை ஒட்டிய மூலை மனை, குறைந்தது இரண்டு வாயில்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நம் பக்கத்து ஊர்களின் நடுவில் அவ்வளவு அரசு நிலம் கிடக்கிறதென்றால் அது பெரும்பாலும் குளமாகவோ கால்வாய்க் கரையாகவோ இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று உயர்நீதிமன்றம் பலமுறை கண்டித்திருப்பதால் அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. எஞ்சியது ஊருக்கு வெளியே கிடந்த தரிசு. கடைசியில் எங்கள் குறிப்பில் அந்தத் தரிசுதான் ஏறியது. அங்கிருந்து கடைத்தெருவுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. பட்டா, புல எண், பரப்பு, தடையின்மை ஆகிய அனைத்துக்கும் கட்டம் போட்டிருந்த படிவத்தில் நேரத்துக்குக் கட்டம் இல்லை.

உங்கள் பகுதியில் ஊர்தி வந்தது, வர முடியாமல் போனது, விதிகளை மாற்றும் கூட்டத்தில் நீங்கள் பேசியது என எதுவாயினும் எழுதுங்கள்.

டவுன், ஜவுளி வணிகர்

அண்ணாச்சி குறிப்பிட்ட தெரு அகலத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த ஒரு கிட்டங்கியில் இரவு நேரத்தில் தீப்பிடித்தது. ஊர்தி வரத் தாமதமாகவில்லை. வந்த ஊர்தி சந்தின் வாயிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. இரு பக்கமும் தெருவுக்குள் இறங்கியிருந்த படிக்கட்டுகள், தலைக்கு மேல் நீட்டிய தகரச் சாய்ப்புகள், தாழத் தொங்கிய கேபிள்கள், பூட்டி நிறுத்தப்பட்டிருந்த இருசக்கர வாகனங்கள் ஆகியவற்றுக்கு இடையே வீரர்கள் குழாயைத் துண்டு துண்டாக இணைத்து உள்ளே இழுத்துச் சென்றார்கள். ஆள் சேதம் இல்லை. சரக்கு முழுவதும் போயிற்று. 2020ஆம் ஆண்டு தீபாவளியின்போது மதுரையில் விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்த செய்தியைப் படித்த அன்று எனக்கு இந்தச் சந்துதான் நினைவுக்கு வந்தது.

தேர் ஓடும் நான்கு வீதிகளும் இன்றுவரை அகலம் குறையாமல் இருப்பதற்கு எந்தத் துணைவிதியும் காரணமன்று. நெல்லையப்பர் தேரே காரணம். ஆண்டுதோறும் ஆனியில் தேர் வரும் என்பதால் அங்கே யாரும் படியை நீட்டத் துணிவதில்லை, நீட்டினாலும் அந்தச் சமயத்தில் எடுத்துவிடுகிறார்கள். சந்துகளுக்கு அப்படியொரு நாள் இல்லை. தீ விபத்துக்குப் பின் எங்கள் தெரு வணிகர்கள் கூடிப் பேசியபோது, படிகளை எல்லாம் இடிக்க வேண்டும் என்ற யோசனையை ஏற்றவர்கள் மிகச் சிலரே. கடைத்தளம் தெருவைவிட உயரமாக இருக்கும்போது படி இல்லாமல் வாடிக்கையாளர் எப்படி ஏறுவார் என்ற கேள்வி நியாயமானதுதான். நீண்ட வாதத்துக்குப் பின், இரவில் உள்ளே எடுத்து வைக்கத்தக்க இரும்புப் படியும் மடக்கும் சாய்ப்பும் போதும் என்று முடிவாயிற்று. விதியிலும் அப்படி ஓர் இடைவழி எழுதப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுவோர் கூடுவர் என்பது என் எண்ணம். முழுத்தடை மட்டுமே இருக்கும் இடத்தில், ஒருவர் மீறிய மறுநாளே தெரு முழுவதும் மீறுகிறது.

பட்டாசுக் கடை உரிமத்தில் மட்டும் நிலைமை வேறு. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, தற்காலிகக் கடைகளுக்கு இடையே 3 மீட்டரும் வீடு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட்ட கட்டடங்களிலிருந்து 50 மீட்டரும் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி அமையக் கூடாது. அதற்கு அதிகாரிகள் நேரில் வந்து டேப் பிடித்து அளக்கிறார்கள். அந்த டேப்பை எங்கள் சந்துக்குள்ளும் ஒருமுறை பிடிக்கலாம்.

வண்ணார்பேட்டை, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

நகரமைப்பு அண்ணாச்சி சொன்ன 3 கிலோமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் பாளையங்கோட்டை நிலையத்தைச் சுற்றியும் பேட்டை நிலையத்தைச் சுற்றியும் வட்டம் போட்டால் ஊரின் பெரும்பகுதி அடங்கிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் ஊர்தி வட்டத்தில் ஓடுவதில்லை. நடுவில் ஆறு இருக்கிறது, ஆற்றுக்குப் பாலங்கள் இருக்கின்றன, சந்திப்பில் ஈரடுக்குப் பாலம் இருக்கிறது, மேலப்பாளையம் பக்கம் போகும்போது ரயில்வே கேட் இருக்கிறது. நான் பணியிலிருந்த காலத்தில் குலவணிகர்புரம் கேட் மூடியிருந்தால், எதிர்ப்பக்கம் புகை தெரிந்தாலும் ரயில் போகும்வரை மணியடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. எனவே நிலையத்துக்கு இடம் பார்க்கும்போது, காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்தச் சாலையில் ஊர்தியை ஓட்டிப் பார்த்து, ஆகும் நேரத்தைக் கோப்பில் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

அடுத்தது தண்ணீர். பெரிய ஊர்தியில் 4,500 லிட்டர் அளவே இருக்கும். குழாயைத் திறந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் மீண்டும் நிரப்பி வரும் தொலைவுதான் தீயின் அளவைத் தீர்மானிக்கிறது. ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் காற்றுக் காலத்தில் தீப்பிடிக்கும்போது இது தெளிவாகத் தெரியும். மேலே அணைந்ததுபோல இருக்கும். அடியில் கனன்றுகொண்டே போய் வேறிடத்தில் கிளம்பும். அங்கே நாட்கணக்கில் நிற்கும் ஊர்தி, அதே நேரத்தில் ஊருக்குள் அழைப்பு வந்தால் கிடைக்காது. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்றும், உள்ளாட்சிகள் ஓராண்டுக்குள் அதற்கான துணைவிதிகளை இயற்ற வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. துணைவிதியைத் திருத்துவோர் அதைத் துப்புரவு சார்ந்த செய்தியாக மட்டுமே பார்க்கிறார்கள். குப்பை தரம் பிரிக்கப்படாமல் குவியும் ஒவ்வொரு மாதமும் ஒரு தீயணைப்பு ஊர்தியை ஊரிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று, எங்கள் அழைப்புகள் யாவும் தீக்கானவை என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, ஆற்றுச் சுழலில் சிக்கிய பிள்ளைகள் என்று நாளெல்லாம் மணி அடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்திலேயே வெள்ளம் புகுந்தது; சந்திப்புப் பகுதி நீரில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் ஆற்றின் இரு கரையிலும் தனித்தனியே படகும் கயிறும் ஆட்களும் இருந்தாக வேண்டும். மக்கள்தொகையை இரண்டு லட்சத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கில் ஆறு வருவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாநகரில் 4.73 லட்சம் பேர். வகுத்தால் இரண்டு சொச்சம் வரும். அந்தச் சொச்சம் எந்தக் கரையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மேலப்பாளையம், பள்ளித் தாளாளர்

கேட்டைப் பற்றி அண்ணன் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் இறந்த பின்னர், பள்ளிகளில் ஓலைக்கூரை வேய்வது நின்றது. தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்க முடியாது. ஆய்வுக்கு வருபவர்கள் மாடிப்படியின் அகலத்தையும் மணல் வாளிகளையும் பார்க்கிறார்கள். பள்ளிக்கு வரும் தெருவின் அகலம் எங்கள் கையில் இல்லை. எதிர்வீட்டுக்காரர் மாடியை முன்னுக்கு இழுத்துக் கட்டியபோது உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் மனு கொடுத்தேன். அது தீயணைப்புத் துறையைச் சார்ந்தது என்று அங்கே சொன்னார்கள். தீயணைப்பு அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தால், தெரு எங்களுடையது அன்று என்றார்கள். இருவர் சொன்னதும் சட்டப்படி சரிதான் என்பதுதான் வேதனை.

அமெரிக்கா, டெக்சாஸ், சொந்த ஊர் அம்பாசமுத்திரம்

நான் குடியிருக்கும் நகரில் தீயணைப்புப் படையும் தெரு விதியும் ஒரே நகர மன்றத்தின் கீழ் வருகின்றன. ஒரு நிலையத்தை இடம் மாற்றும் திட்டம் வந்தபோது அந்தக் கூட்டத்துக்கு நானும் சென்றிருந்தேன். சட்ட வரைவை இரண்டு கூட்டங்களில் வாசிக்கிறார்கள். விரும்பும் குடிமக்கள் பெயர் கொடுத்துத் தலைக்கு மூன்று நிமிடம் பேசலாம். படைத்தலைவர் காட்டிய வரைபடத்தில் வட்டங்கள் இல்லை. சாலை வழியே நான்கு நிமிடத்தில் எட்டக்கூடிய பகுதிகள் மட்டுமே நிறமிடப்பட்டிருந்தன. முதல் ஊர்தி புறப்பட்டபின் 240 விநாடிக்குள், நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளிலாவது, இடத்தை அடைய வேண்டும் என்று அங்குள்ள தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1710 எனும் தரம் சொல்கிறது. நிலையத்திலிருந்து சாலைவழி ஐந்து மைலுக்கு அப்பால் உள்ள வீட்டுக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடும் என்பதால், நிலையம் அருகில் வேண்டும் என்று எல்லாரும் பேசினார்கள். பக்கத்து மனைக்காரர் மட்டும் சைரன் சத்தத்துக்காக எதிர்த்தார்.

ஆனால் கணக்கு இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடுவதில்லை. 1970களில் நியூயார்க் நகரம் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணித மாதிரிகளை நம்பிச் சில தீயணைப்புக் குழுக்களைக் கலைத்தது. போக்குவரத்து நெரிசலைச் சரிவரக் கணக்கில் கொள்ளாத அந்த மாதிரிகளால் அடிபட்டவை ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகள் என்ற விமர்சனம் இன்றும் நீடிக்கிறது. வண்ணார்பேட்டை அண்ணாச்சி ஊர்தியை ஓட்டிப் பார்க்கச் சொல்வது அந்த மாதிரிகளைவிட எனக்குத் தெளிவாகப் படுகிறது.

கே.டி.சி. நகர், மென்பொருள் பணியாளர்

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விட்ட இடம் முட்செடி மண்டிக் கிடக்கிறது. அதைத் துணை நிலையத்துக்குக் கேட்கலாமா, அண்ணாச்சி?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற நகரமைப்பு ஆய்வாளர்

கேட்க வேண்டாம், தம்பி. மனைப்பிரிவில் திறந்தவெளியாக ஒப்படைத்த இடத்தைப் பூங்கா, விளையாட்டிடம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. வழக்குப் போட்டால் நிற்காது. அங்கே மரம் நடக் கேளுங்கள்.

நிலையத்துக்கான வழி ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தின்கீழ்த் தயாராகும் திட்டத்தில் ஒரு புல எண்ணைத் தீயணைப்பு நிலையத்துக்கென ஒதுக்கலாம். ஆனால் 38ஆவது பிரிவின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்காவிட்டால் அந்த ஒதுக்கீடு தானாகவே விலகிவிடும். நிலத்தின் உரிமையாளரைக் காலவரையின்றிக் கட்டிப்போடாமல் இருக்க அந்தப் பிரிவு தேவைதான். ஆயினும் ஒதுக்குபவர் ஒருவர், நிதி கேட்க வேண்டியவர் இன்னொருவர் என்பதால் மூன்று ஆண்டுகள் கடிதப் போக்குவரத்திலேயே கழிந்துவிடுகின்றன.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தபின், 1994இல் நம் மாநகராட்சியை உருவாக்கிய தனிச்சட்டம் விலகி, எல்லா மாநகராட்சிகளுக்கும் பொதுவான சட்டம் வந்திருக்கிறது. பழைய துணைவிதிகளை மறுபடி எடுத்துப் பார்க்க இதைவிட ஏற்ற நேரம் அமையாது. வார்டு தோறும் பகுதி சபை இருக்கிறது. வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுதிக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். டவுன் தம்பி தம் சந்தின் மிகக் குறுகிய இடத்தை அளந்து அகலத்தை எழுதட்டும். தாளாளர் அம்மா இரண்டு அலுவலகங்களிலும் கொடுத்த மனுக்களின் நகலை இணைக்கட்டும். வண்ணார்பேட்டைத் தம்பி கேட்டின் இரு பக்கத்திலிருந்தும் ஆகும் நேரத்தைத் தம் கையெழுத்தில் எழுதித் தரட்டும். எல்லாவற்றையும் ஒரே மனுவாக்கி மாநகராட்சி ஆணையருக்கும் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் மற்றவருக்குப் போன நகலின் ஒப்புகை எண்ணைக் குறித்துவிடுவோம். புல வரைபடங்களை நான் கொண்டு வருகிறேன்.