போஸ்டரில் "மற்றும் குழுவினர்" ஆனவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிகழ்ச்சி நடத்துபவர்
எட்டு வருடமாக மாதம் ஒரு இசை நிகழ்ச்சி நடத்துகிறேன். போன வாரம் பழைய போஸ்டர்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பெண்கள் அங்கங்கே இருக்கிறார்கள், பெரும்பாலும் பாடகிகள். திருநர் ஒருவர்கூட இல்லை. "ஆளே கிடைக்கவில்லை" என்று நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் கூப்பிட்டது என் போனில் இருந்த நம்பர்களைத்தான். அந்த நம்பர்களைத் தந்தவர்கள் ஏற்கெனவே வாசித்த ஆண்கள். எங்கே கோட்டை விட்டேன் என்று சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

டிரம்ஸ் வாசிப்பவள்
திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நேரம். ஸ்டூலின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸர் பக்கமிருந்து மைக்கில் சவுண்ட்காரரின் குரல்: "டிரம்மர் எங்கப்பா?" பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பன் என்னைக் காட்டினான். "ஓ, சிஸ்டரா? பாடுறவங்கன்னு நினைச்சேன்."

காலால் அடிக்கும் கிக் டிரம்மில் நாலு அடி, முன்னால் இருக்கும் ஸ்னேரில் நாலு அடி. போதும் என்றுவிட்டார். டாம் என்ற மற்ற டிரம்களையோ ஹைஹாட் தட்டுகளையோ வாசிக்கச் சொல்லவே இல்லை. எங்களுக்குக் கேட்க வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் பேஸ் வரவில்லை என்று கையால் சைகை காட்டினேன், தலையாட்டினார், அவ்வளவுதான். அடுத்த குழுவின் டிரம்மருக்கு மட்டும் கால்மணி நேரம், ஒவ்வொரு டாமாக.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து, "நல்லா வாசிச்சீங்கம்மா, கையில கொஞ்சம் பலம் வேணும்" என்றார். என் கையில் பலம் இல்லையா, டாம் மைக்கைத் திறக்கவே இல்லையா? அவருக்கு எப்படித் தெரியும்! அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்றால், "ஆள் கிடைக்கவில்லை" பட்டியலில் நானும் சேர்ந்துவிடுவேன்.

பாடகி, திருநங்கை
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. தேவைக்கு மேலேயே வெளிச்சம். மூன்று பாட்டு என்று சொல்லித்தான் அழைத்தார்கள். தொகுப்பாளர் என் "துயரங்களை" ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசினார். நான் அவரிடம் சொல்லாத துயரங்களும் அதில் இருந்தன. நேரம் போய்விட்டது, ஒரு பாட்டை வெட்டினார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது, ஆனால் பாடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது.

வெண்டி கார்லோஸை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1968இல் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் மேற்கத்திய செவ்விசை மேதை பாஹ்கின் இசையை வாசித்து உலகப் புகழ் பெற்றவர். தான் திருநங்கை என்று 1979 வரை வெளியே சொல்லவில்லை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆணாகத் தெரிய ஒட்டுக் கிருதா வைத்துக்கொண்டு போனாராம். அவர் மறைந்து வாழ வேண்டியிருந்தது. என்னைக் காட்சிப்பொருள் ஆக்குகிறார்கள். இரண்டிலும் இசை பின்னால் போய்விடுகிறது.

கிட்டார் வாசிப்பவர்
எல்லாம் சரி, ஆனால் திறமை இருந்தால் தானாக வெளியே தெரியும் என்பது என் எண்ணம்.

டிரம்ஸ் வாசிப்பவள்
அண்ணா, வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்ற புகழ்பெற்ற இசைக்குழு பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1997இல்தான். அப்போது சேர்ந்த ஹார்ப் கலைஞர் அதற்கு முன்பே இருபது வருடத்துக்கு மேல் அதே குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் திறமை அத்தனை வருடம் எங்கே போயிருந்தது?

நிகழ்ச்சி நடத்துபவர்
இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதத்துக்கு இப்படிச் செய்யப் பார்க்கிறேன். சவுண்ட் செக் நேரம் எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு, அதை எழுதியே கொடுத்துவிடுகிறேன். போஸ்டரில் பெயரை எப்படிப் போடுவது, மேடையில் என்ன சொல்லி அழைப்பது என்று அவரவரிடமே கேட்கிறேன். தொகுப்பாளருக்கு முப்பது விநாடி, அதற்கு மேல் மைக்கை வாங்கிவிடுவேன். கூட்டம் சேராத முதல் அரைமணியைப் புதியவர்கள் தலையில் கட்டுவதும் இனி கிடையாது.

பாடகி அம்மா, மூன்று பாட்டும் உண்டு. டிரம்ஸ் சகோதரி, நீங்களும் வர முடியுமா?

டிரம்ஸ் வாசிப்பவள்
வருகிறேன். டாமுக்கு மைக் உண்டா?

நிகழ்ச்சி நடத்துபவர்
மூன்று டாமுக்கும் உண்டு.