வன்னிக் கைக்கு ஒன்ராறியோவில் ஒரு பழைய கார்: முதலில் கீழே பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பிமார் தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள்: பத்துப் பன்னிரண்டு வருசம் ஓடிய கார் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் எங்களுடையது. ஆனால் அங்கே பழகிய கண் முதலில் எஞ்சினுக்குத்தான் போகும். இங்கே முதலில் காருக்குக் கீழே படுத்துப் பாருங்கள்.

காரணம், பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு. பிறேக் ஒயில் போகும் இரும்புக் குழாய், சப்ஃபிரேம் (எஞ்சினையும் சில்லுப் பகுதிகளையும் தாங்கும் அடிச்சட்டம்), கதவுக்குக் கீழ் விளிம்பு எல்லாவற்றையும் அது தின்னும். ரோச் லைட்டும் ஸ்குறூ டிறைவரும் கொண்டு போங்கள். பிடியால் தட்டும்போது இரும்பு உதிர்ந்தால் விலை பேசவே வேண்டாம். பழைய காரின் அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ற் இருந்தால் இரட்டிப்புக் கவனம், துருவை மறைக்க அடித்திருக்கலாம். எஞ்சினைத் திருத்தலாம், உக்கிய சட்டத்தைத் திருத்துவது காசுக்குக் கட்டாது.

பிறகு எஞ்சின். குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணும்போதுதான் பல கோளாறு தெரியும்; அதனால் நீங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காரில் செருகி அதன் கணினி பதிந்த பிழைக் குறிகளை வாசிக்கும் ஓபிடி ஸ்கானர் ஒன்று மலிவாக வாங்கலாம். அதில் பிழைக் குறி இல்லை என்பது மட்டும் போதாது. 'ரெடினஸ்' பகுதியில், கார் தன்னைத்தானே செய்யும் சோதனைகளில் பல முடியாமல் கிடந்தால், பற்றரி கழற்றப்பட்டிருக்கலாம் அல்லது யாரோ குறிகளை அண்மையில் அழித்திருக்கலாம்.

ரொயோற்றா கொறோலா, 2006க்குப் பிந்திய ஹொண்டா சிவிக் போன்றவற்றுக்கு ரைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்ரனையும் ஒத்து ஓட வைக்கும் சங்கிலி. ஹொண்டா ஒடிசியில் அதே வேலைக்கு ரப்பர் பெல்ற். அது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும். பெல்ற் மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஆளிடம் நேரடியாக வாங்கினால் விற்பவர் யூவிஐபி என்ற வாகன விபரக் கோவையைத் தர வேண்டும். காரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று அதில் பாருங்கள். கார் வீதியில் ஓடத் தகுதியானது என்று காட்டும் சேஃப்ற்றி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். 13 வீத வரியையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கிய பிறகு, பனிக்கு முன் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு ஒயில் அடியுங்கள். வருசத்துக்கு ஒருமுறை பிறேக் கலிப்பர் (பிறேக் பாட்டை அழுத்தும் பகுதி) நகர உதவும் பின்களைக் கழற்றித் துப்புரவாக்கி, அதற்கான கிறீஸ் பூசுங்கள். உப்பில் அவை இறுகினால் பாட் ஒருபக்கம் தேயும். தயவுசெய்து ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். காரைத் தாங்கி நிற்கும் இரண்டு ஜாக் ஸ்ராண்டும் வேண்டும்.

கழிவு ஒயிலை ஊரில் கறையான் பிடிக்காமல் மரக்கட்டைக்குப் பூசுவோம். இங்கே மூடியுள்ள கானில் சேர்த்து, நகரசபை அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.