இரண்டு பக்கத்துக்காக எட்டு மாதம்

பார்வையற்றவர்களுக்கான மின்நூலகத்தில் ஒரு புத்தகம் கேட்டுவிட்டுக் காத்துக் கிடந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் பார்வை இல்லை. தேர்வுக்காக நான் கேட்ட ஒரு வரலாற்று நூல் ஸ்கேன் ஆகி ஏறிவிட்டது, ஆனால் ‘சரிபார்ப்பில் உள்ளது’ என்ற நிலையிலேயே எட்டு மாதம் நின்றது. தேர்வே முடிந்துவிட்டது. கோபமாக எழுதிக் கேட்டேன். மெய்ப்புப் பார்க்க ஆள் போதவில்லை, நீங்கள் வர முடியுமா என்று பதில் வந்தது. சரி, வருகிறேன் என்றேன்.

ஸ்கேன் செய்வதில்தான் தாமதம் என்று அதுவரை நினைத்திருந்தேன். முந்நூறு பக்கத்தை ஒருவர் ஒரே நாளில் ஸ்கேன் செய்துவிடுகிறார், அதைத் திருத்த எனக்கு மூன்று வாரம் ஆகிறது. பக்கத் தலைப்பை நீக்காமல் விட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் வாக்கியத்தின் நடுவே புத்தகத்தின் பெயரைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) படித்துக்கொண்டே போகும், அடிக்குறிப்பும் அப்படித்தான், பத்திக்குள் வந்து விழும். தமிழில் ரகரமும் துணைக்காலும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், ஸ்கேன் செய்த படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகிவிடுகிறது. இதைக் கண்ணால் படிப்பவர் பழக்கத்தில் சரியாகவே படித்துத் தாண்டிவிடுவார், காதால் கேட்கும் எனக்கு உடனே தட்டும். ஆனால் ‘பரணி’ என்பது ‘பாணி’ ஆகி, அந்த இடத்தில் இரண்டுமே பொருந்தினால் என்னால் முடிவு செய்ய முடியாது. அச்சுப் பிரதியைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கிடைக்காமல்தான் பாதிப் புத்தகங்கள் நிற்கின்றன.

அப்புறம் என் புத்தகத்தையே எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன் ஒருவர் மெய்ப்புக்கு எடுத்து, பாதியில் விட்டிருந்தார். அவர் பெயரில் இருக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது, அதிலேயே ஐந்து மாதம் போயிருக்கிறது. அவர் ஏன் விட்டார் என்பது 211ஆம் பக்கத்துக்கு வந்ததும் புரிந்தது. அடுத்து வருவது 214. தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கம் விழவே இல்லை. ஸ்கேன் செய்தவர் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், புதிய பதிப்பிலோ பக்கங்கள் மாறியிருந்தன. பழைய பதிப்பு வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் ஃபோனில் படம் எடுத்து அனுப்பி, அதைத் தட்டச்சு செய்து சேர்த்தபின் நான்கே நாளில் ஒப்புதல் கிடைத்தது.

பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவில் நூல்கள் கிடைப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் வந்தபோது மிகவும் மகிழ்ந்தவன் நான். பதிப்புரிமை உள்ளவரிடம் அனுமதி கேட்காமலே நமக்கேற்ற பிரதி உருவாக்கலாம், நாடு கடந்தும் பகிரலாம். சட்டம் வழிவிட்ட பிறகும் ஒரு புத்தகம் இரண்டு பக்கத்துக்காக நிற்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

ஸ்கேன் செய்யும் நண்பர்களே, பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் முன் பக்க எண்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. மெய்ப்புக்கு எடுத்து முடியாமல் போனவர்கள் தயவுசெய்து திருப்பி விட்டுவிடுங்கள், பாதி முடித்திருந்தாலும் பரவாயில்லை, மீதியை நான் பார்க்கிறேன்.